ராஜ்தூத் 350: மீட்டெடுக்கலாமா என்று பார்த்த கதை

பழைய வண்டி ஒன்றை மீட்டெடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினில்தான் தொடங்குகிறார்கள். கிக்கர் இறங்குகிறதா, பிஸ்டன் நகர்கிறதா என்று. நான் இந்த ராஜ்தூத் 350 பைக் விஷயத்தில் வண்டியில் என்னென்ன இல்லை என்று எழுதுவதில் தொடங்கினேன். தேய்ந்த பாகத்துக்கு லேத்தில் வழி இருக்கிறது. விரிசல் விட்டதை வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம். யாரோ கழற்றிப் போட்டு, எங்கோ தொலைந்த பாகத்துக்குத்தான் வழி கிடையாது. அப்படியே கிடைத்தாலும் விற்பவர் சொன்னதுதான் விலை.

வண்டி என் மாமாவுடையது. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பில் மோட்டார் ரூமை ஒட்டிய சாய்ப்பில் வருஷக்கணக்காக நின்றது. மேலே கூரை இருந்ததால் மழை நேரடியாகப் படவில்லை. தரைதான் மண்தரை, ஈரம் கீழிருந்து ஏறியிருக்கிறது. மாமா காலமான பிறகு இரும்பு வியாபாரி ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். அத்தை கொடுக்கவில்லை. என்னிடம், "எடுத்துட்டுப் போறதுன்னா ஓட்டற மாதிரி பண்ணு கண்ணு. பிரிச்சுப் போட்டு வெக்கறதுன்னா இங்கயே கெடக்கட்டும்" என்றார். பாதி பிரித்த நிலையில் மூட்டைகளில் தூங்கும் வண்டிகளைக் கோவை ஒர்க்ஷாப்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் பயம் சரியான பயம்தான். அதனால் ஒரு நட்டைக் கழற்றும் முன்பே முடிவுக்கு வர வேண்டும், அல்லது எந்த இடம் வரை கழற்றினால் முடிவு தெரியும் என்றாவது தெளிவாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இந்த வண்டி ஏன் இவ்வளவு யோசிக்க வைக்கிறது என்றால், இதைப்போல இன்னொன்று அந்தக் காலத்து இந்தியாவில் இல்லை. யமஹா 1973இல் ஜப்பானில் கொண்டுவந்த ஆர்.டி. 350தான் இதன் மூலம். அங்கே 1976இல் ஆர்.டி. 400 வந்து இதை ஓரங்கட்டிவிட்டது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் உரிமம் பெற்று 1983 முதல் எண்பதுகளின் இறுதி வரை இங்கே தயாரித்தது. 347 சிசி, காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பான் வண்டி 39 குதிரைசக்தி கொடுத்தது. இங்கே பெட்ரோல் செலவை மனதில் வைத்து அதைக் குறைத்தார்கள். முதலில் வந்த ஹெச்.டி. (ஹை டார்க்) 30.5, பின்னால் வந்த எல்.டி. (லோ டார்க்) 27. முன் சக்கரத்தில் ஜப்பான் ஆர்.டி. 350பி-க்கு இருந்த டிஸ்க் பிரேக்கும் இங்கே டிரம் ஆகிவிட்டது. அப்படியும் அன்றைய சாலையில் இதற்கு இணையில்லை. ஆனால் 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, அடுத்த வருஷமே ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100 என்று குறைந்த பெட்ரோலில் ஓடும் 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. லிட்டருக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை யார் வாங்குவார்கள்? கொஞ்சம் பேர்தான் வாங்கினார்கள். அவற்றிலும் பல பந்தயத்துக்காகக் குடைந்து உருமாறிப் போய்விட்டன. பால்காரர்கள் ஓட்டிய ராஜ்தூத் 175 ஊருக்கு ஊர் இருந்தது, ஆனால் பெயர்தான் ஒன்று. அதன் பாகங்கள் இதற்கு ஆகாது.

முதலில் காகிதம். இதில் தடை இருந்தால் மற்றது எதையும் பார்க்க வேண்டியதில்லை. அத்தையின் பீரோவில் பழைய ஆர்.சி. புக் அசலாகவே இருந்தது, மூன்றெழுத்துப் பழைய பதிவு எண். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அதன்பின் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். மாமா ஒருமுறை புதுப்பித்திருக்கிறார், அதற்கப்புறம் விட்டுவிட்டார். செய்ய வேண்டியது இரண்டு. உரிமையாளர் இறந்ததால் படிவம் 31 போட்டு, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைத்துப் பெயர் மாற்ற வேண்டும். பிறகு படிவம் 25 போட்டுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1000 ஆனது, 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025இல் 2000 ஆகிவிட்டது. தாமதத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டிவரும். அது பெரிய சுமையில்லை. பெயர் மாற்றத்துக்கு மாமாவின் பிள்ளைகள் இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் முக்கியம். வண்டி ஓடத் தொடங்கி, விலை லட்சங்களில் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு கையெழுத்துக் கேட்டுப் போகக் கூடாது. நான் ஸ்பானரைத் தொடும் முன்பே அத்தை பெயருக்கு மாற்ற விண்ணப்பம் போட்டோம். வண்டி அத்தையுடையதாகவே இருக்கும்.

2021இல் வந்த விண்டேஜ் வாகன விதியைச் சிலர் நினைவுபடுத்தினார்கள். அது 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு. எண்பதுகளின் ராஜ்தூத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் அந்த விதி வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இன்று நான் வெட்டி ஒட்டும் எதுவும் பிற்காலத்தில் இந்த வண்டிக்கு எதிராக நிற்கும். இதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

ஆர்.சி.யில் இருந்த எண்களை வண்டியோடு ஒப்பிட்டேன். சேஸிஸ் எண் துருவுக்கு அடியில் இருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் நிரவினால் எண் அப்படியே தாளில் வந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, அரசு அலுவலகத்தில் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகப்படுவார்கள். இரண்டு எண்ணும் பொருந்தின. இந்த மாடலில் அது சாதாரண விஷயமில்லை. இன்ஜின் மாறிப்போன வண்டிகள் நிறைய.

அப்புறம் இல்லாதவை பட்டியல். இடது பக்கவாட்டு மூடி இல்லை. பின் விளக்கு வேறு ஏதோ வண்டியுடையது. ஹேண்டில்பார் மாற்றியது. சைலன்சர் இரண்டும் அசல், ஆனால் உள்ளே இருக்க வேண்டிய குழல்கள் இல்லை. சத்தத்துக்காக யாரோ உருவிவிட்டார்கள். இன்ஜினுக்குத் தானாக ஆயில் கொடுக்கும் ஆட்டோலூப் பம்ப் இருந்தது, கேபிளை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள். ஆயில் டேங்கில் குளவி கூடு கட்டியிருந்தது. ஏர் பில்டர் பெட்டி முழுதாக இருந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையான நம்பிக்கை வந்தது. வேகமாகப் போக வேண்டும் என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கார்புரேட்டர் வாயில் நேராகக் கூம்பு பில்டர் மாட்டுவது அன்று பெரிய பழக்கம். ஸ்பீடோமீட்டரும் ஆர்.பி.எம். மீட்டரும் கண்ணாடி மஞ்சளாகி இருந்தாலும் இடத்தில் இருந்தன. ஆக, வெளியே தேட வேண்டியது மூடி ஒன்று, விளக்கு ஒன்று, சைலன்சர் உள்குழல் இரண்டு. இவை மறுஉற்பத்தியாகவே கிடைக்கின்றன.

சைலன்சரைப் பற்றி ஒரு வார்த்தை. டூ ஸ்ட்ரோக்கில் அது சத்தம் குறைக்க மட்டும் இருப்பதில்லை. வெளியேறும் புகையின் அழுத்த அலை குழாயின் கூம்பில் மோதித் திரும்பிவந்து, எரியாமல் தப்பப் பார்க்கும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். குழாயின் நீளமும் கூம்பின் சரிவும் மாறினால் வண்டியின் குணமே மாறிவிடும். வெளியே பளபளவென்று அசல் போலவே இருக்கும் புதுச் சைலன்சரை விட, துருப்பிடித்த அசலைச் சுத்தம் செய்து உள்குழல் போடுவதே நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கோவையில் நிக்கல், குரோம் பூச்சு போடும் இடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பூசும் முன் மெருகேற்றும்போது தகடு இன்னும் மெலியும். ஓட்டை விழும் அளவுக்குத் துரு இருந்தால் பூச்சையே விட்டுவிடலாம்.

இன்ஜினுக்கு வருவோம். பிஸ்டன் பிடித்திருந்தது. கிக்கரை மிதித்து விடுவிக்கப் பார்ப்பது பலர் செய்வது, அதில் கிக்கர் பல்லும் கேஸிங்கும்தான் போகும். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, துளை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற வைத்தேன். நாளுக்கு ஒருமுறை இடப்பக்க மூடியைத் திறந்து, ஆல்டர்னேட்டர் போல்ட்டில் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பார்த்தேன். ஒருநாள் நகர்ந்தது. நகர்ந்ததும் ஸ்டார்ட் செய்துவிடலாம் என்று ஆசை வரும். செய்யவே கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுழலும் கூடான கிராங்க்கேஸே காற்றை அமுக்கும் அறை. அதன் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் ஆயில் சீல் காய்ந்துபோயிருந்தால் இடப்பக்கம் வெளிக்காற்றை உறிஞ்சும், கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். வலப்பக்கம் கிளட்ச் அறையிலிருந்து கியர் ஆயிலை உறிஞ்சும், வெள்ளைப் புகை தள்ளும். இத்தனை வருஷம் நின்ற வண்டியில் சீல் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கவே வேண்டாம். போய்விட்டது என்று வைத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

சிலிண்டரைத் தூக்கியதும் முடிவைத் தீர்மானிக்கும் முதல் எண் கிடைத்தது. ஆர்.டி. 350இன் அசல் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 64 மில்லிமீட்டர். தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து (ரீபோர்) போடும் ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு படி. 65ஐத் தொட்டுவிட்டால் அதற்கப்புறம் புது லைனர்தான் (சிலிண்டரின் உள்உறை). இந்த வண்டியில் பிஸ்டன் தலையில் 0.50 என்று அடித்திருந்தது. வலது சிலிண்டரில் நீளவாக்கில் கோடு, இடதில் துருப்புள்ளிகள். எங்கள் மெக்கானிக் அண்ணன் போர் கேஜ் வைத்து மேலும் கீழும் குறுக்கிலும் அளந்துவிட்டு, "0.75க்குப் போனா ரெண்டும் சுத்தமாயிடும்ங்க, அதுக்கப்புறம் இன்னொண்ணு கையில இருக்கு" என்றார். ஒரே ஒரு ரீபோர் மிச்சம் வைத்துத் தேறுகிற வண்டி. அதுவே போதும், இனி இது தினமும் ஓடப்போகிற வண்டி இல்லை.

ரீபோர் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் பிஸ்டன் கையில் வர வேண்டும். அடிப்பாகத்திலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் மேலே, பின்னுக்குக் குறுக்காக அளந்து, அந்த அளவுக்குத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். இரண்டு பிஸ்டன் ஒரே பெட்டியில் வந்தாலும் அளவில் மயிரிழை வேறுபாடு இருக்கும், அதனால் எந்தச் சிலிண்டர் எந்தப் பிஸ்டனுக்கு என்று குறித்துக் கொடுக்க வேண்டும். யமஹா சொல்லும் இடைவெளி நூறில் நான்கு மில்லிமீட்டர் அளவில்தான். உள்ளூர் பிஸ்டன் என்றால் சூட்டில் அதிகம் விரியும், கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும் என்பது அண்ணனின் கணக்கு. கடைந்து முடித்ததும் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளின் ஓரம் கத்திபோல இருக்கும். அதைக் கல்லால் சரித்துவிடாமல் மாட்டினால் பிஸ்டன் ரிங் அந்த ஓரத்தில் சிக்கி ஒடிந்துவிடும். ரிங் வாய் துளைப் பக்கம் வராதபடி பிடித்துக்கொள்ள பிஸ்டன் காடியில் ஒரு சின்ன ஊசி இருக்கும். ரிங் வாய் அதில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்த பிறகே சிலிண்டரை இறக்க வேண்டும்.

அடுத்தது கிராங்க், பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு. வண்டியைச் செய்வதா வேண்டாமா என்பது உண்மையில் இங்கேதான் முடிவாகும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல்முனையைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டுமே அதற்குள் இருந்தன. பேரிங்கில்தான் பிரச்சினை. கையால் சுற்றும்போதே கரகரவென்றது, உள்ளே ஈரம் தின்றிருக்கிறது. இந்த இன்ஜினில் மெயின் பேரிங் நான்கு. வெளிப்பக்க இரண்டையும் புல்லர் போட்டு இழுத்துவிடலாம். நடுவில் இருக்கும் இரண்டும் கிராங்கை அழுத்திச் சேர்க்கும்போதே உள்ளே மாட்டிக்கொண்டவை. அவற்றை மாற்ற ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கிராங்கைப் பிரித்து, திரும்பச் சேர்த்து, வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் கோட்டம் பார்த்து, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்க வேண்டும். நூறில் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் கோட்டம் இருந்தால் ஆறாயிரம் ஆர்.பி.எம்.மில் நடுக்கம் கைக்கே தெரியும். இதை நன்றாகச் செய்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கோவையில் அப்படி ஒரு பெரியவர் இன்னும் வேலை பார்க்கிறார். கிராங்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "செய்யலாம், ஆனா பேரிங் நல்லதா வாங்கிட்டு வாங்க" என்றார். நான் முடிவெடுத்தது அந்த இடத்தில்தான்.

பெட்ரோல் கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வு இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். மெல்லிய எஃகுத் தகடுகள், முனையில் விரிசல் இருந்தால் ஒருநாள் உடைந்து இன்ஜினுக்குள் போகும். இவை நன்றாக இருந்தன.

டேங்க் உள்ளே துரு. அதைவிட, இன்றைய பெட்ரோல் வேறு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஓடாமல் நிற்கும் வண்டியில் டேங்கும் கார்புரேட்டரும் வேகமாகக் கெடும். அன்றைய ரப்பர் வளையங்கள் உப்பிவிடும். பெட்ரோல் டேப் ரப்பர், மிதவை ஊசி, குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றினேன். டேங்க் உள்பூச்சு போடச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். பூச்சு சரியாகப் பிடிக்காவிட்டால் தோல்போல உரிந்து கார்புரேட்டரை அடைக்கும். துருவை மட்டும் நீக்கி, மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கைக் காலியாக வைப்பது என்று வைத்துக்கொண்டேன்.

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரத்தைத் திறந்து மூடிக் கொடுக்கும் பாயின்ட் இரண்டு, காயில் இரண்டு, ஒயரிங் முழுக்கப் புதிது. எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். பாயின்ட் வைத்த வண்டியை வழியில் நின்றாலும் ஒரு ஸ்குரூடிரைவரோடு சரிசெய்துகொள்ளலாம்.

எவ்வளவு தூரம் போவது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. மூன்று வழி இருந்தது. அப்படியே விற்பது: எண் பொருந்துகிற, காகிதம் உள்ள வண்டி என்பதால் நல்ல விலை வரும், ஆனால் அத்தைக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. முழுக்கப் புதுப்பிப்பது: பெயின்ட், குரோம், புது ரிம், புது ஸ்போக் என்று ஷோரூமில் நின்றதுபோல ஆக்குவது. இன்ஜின் செலவைப் போல இன்னொரு மடங்கு ஆகும், கூடவே மாமா ஓட்டிய வண்டியின் அடையாளம் முழுக்கப் போய்விடும். மூன்றாவது, ஓட்டத்துக்குத் தேவையானதை முழுமையாகச் செய்து, பார்வைக்கு உள்ளதை அப்படியே காப்பது. பெயின்டைச் சுத்தம் செய்து மெழுகு போட்டால் போதும். டேங்கின் பக்கத்தில் மாமாவின் முழங்கால் உரசி நிறம் போன இடம் தெரிகிறது, அதை மறைக்க எனக்கு மனமில்லை. ஒரு வண்டியை ஒருமுறைதான் அசல் பெயின்டோடு வைத்திருக்க முடியும், சுரண்டிவிட்டால் எந்தக் காசாலும் திரும்பாது. ஒன்றரை லட்சத்துக்குள் என்று எல்லை வைத்து மூன்றாவது வழியை எடுத்தோம்.

இது எல்.டி. என்று தெரிந்ததும் சிலிண்டரையும் சைலன்சரையும் மாற்றி ஹெச்.டி. ஆக்கிவிடு, விலை கூடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். மூன்றரைக் குதிரைசக்திக்காக எண் பொருந்திய வண்டியைக் கலைக்க மாட்டேன். முன் பிரேக்குக்கு 27 குதிரைசக்தியே அதிகம்.

இப்போது இன்ஜின் மேசையில் சேர்ந்து நிற்கிறது. ஏற்றும் முன் இரண்டு பக்கத்தின் உள்வாயையும் புகைவாயையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். இடது சிலிண்டர் பக்கம் குமிழி இல்லை. வலதில் சிலிண்டர் அடிக் கேஸ்கட் ஓரம் குமிழி வந்தது, திரும்ப இறுக்கியதும் நின்றது. ஆட்டோலூப் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்து புதுக் கேபிள் போட்டாயிற்று. ஆனாலும் முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 50 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்தே ஓட்டப் போகிறேன். பம்ப் ஆயில் டேங்கிலிருந்து உண்மையில் இழுக்கிறது என்று அளவைப் பார்த்து உறுதியான பிறகுதான் கலப்பதை நிறுத்துவது.

மிச்சம் முன் டிரம். ஷூ புதிதாக ஒட்டக் கொடுத்திருக்கிறேன், டிரம் உள்பக்கம் லேசாக வட்டம் தப்பியிருக்கிறது, ஸ்போக் இறுக்கிய பிறகே அதைக் கடைய வேண்டும். சைலன்சர் உள்குழலும் பின் விளக்கும் வந்து சேர்ந்தால் படிவம் 25ஓடு வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகலாம். அதற்குமுன் புகைச் சான்று வேண்டும், 2000க்கு முந்தைய இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம். கார்புரேட்டர் இரண்டையும் ஒன்றாகத் திறக்கும்படி கேபிளைச் சமன் செய்து, ஐடிலைச் சரியாக வைத்தால் அதற்குள் வந்துவிடும் என்று அண்ணன் சொல்கிறார்.